பெயர் அழிந்த கேசட்டுகள்

வீட்டு வீடியோ கேமின் சரித்திரத்தை எழுதியவர்கள் எல்லோரும் ஏறத்தாழ ஒரே வரிசையில்தான் எழுதியிருக்கிறார்கள். 1972-இல் அமெரிக்காவில், ரால்ஃப் பேர் என்ற பொறியாளரின் யோசனையிலிருந்து மாக்னவாக்ஸ் ஒடிஸி. 1977-இல் அட்டாரி. 1983-இல் அமெரிக்கச் சந்தையின் சரிவு. விற்காத கேசட்டுகளை நியூ மெக்ஸிகோவில் குழிதோண்டிப் புதைத்தது (2014-இல் தோண்டியெடுத்தும் காட்டிவிட்டார்கள்). அதே 1983-இல், ஜூலை 15-ஆம் தேதி, ஜப்பானில் நிண்டெண்டோவின் ஃபாமிகாம். விலை 14,800 யென். 1985-இல் அது வேறு பெட்டியும் வேறு பெயரும் பூண்டு அமெரிக்கா போய், செத்துக் கிடந்த சந்தையை எழுப்பியது. பிறகு சேகா, சோனி, மைக்ரோசாஃப்ட். ஒருவர் மாண்டு ஒருவர் பட்டமேறும் ராஜவம்சப் பட்டியல்போல இருக்கும் இந்த வரிசையில் நம் ஊர்ப் பெயர் எதுவும் வராது. வர நியாயமும் இல்லை. நாம் எதையும் கண்டுபிடிக்கவில்லை. சட்டப்படி வாங்கியதும் குறைவு.

ஆனால் சேலத்துக்கும் நாமக்கல்லுக்கும் இடைப்பட்ட சமவெளியில், ராசிபுரத்திலும் திருச்செங்கோட்டிலும் இளம்பிள்ளையிலும், 1990-களில் பையன்களாக இருந்தவர்களைக் கேட்டால் அத்தனை பேருக்கும் மரியோவைத் தெரியும். கான்ட்ராவைத் தெரியும். யாரும் நிண்டெண்டோ என்ற சொல்லை உச்சரித்ததில்லை. நான் அந்தச் சொல்லைக் கேள்விப்பட்டது கல்லூரிக்குப் போன பிறகு. நாங்கள் விளையாடியதன் பெயர் 'டி.வி. கேம்', அவ்வளவுதான். ஆசிரியன் பெயர் தெரியாமல், நூலின் பெயர்கூடச் சரியாகத் தெரியாமல், முகப்பும் முதல் பக்கமும் கிழிந்த ஒரு புத்தகத்தை ஒரு தலைமுறையே மனப்பாடம் செய்திருக்கிறது. இந்த நிலைமை எப்படி ஏற்பட்டது, அதில் நமக்குக் கிடைத்தது என்ன, கிடைக்காமல் போனது என்ன என்பதுதான் என் விஷயம். குழந்தைகள் விளையாட்டுக்கு இந்தப் பக்கங்களில் என்ன வேலை என்று கேட்கிற நண்பர்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ள வேண்டும். வாசிக்க மட்டும் அனுமதிக்கப்பட்டு, எழுத அனுமதிக்கப்படாத ஒரு மொழியைப் பற்றியது இது. அதில் நமக்கு அக்கறை இல்லாமல் போகாது.

முதலில் நகல் என்ற சொல்லைச் சற்றுச் சுத்தம் செய்துகொள்ள வேண்டியிருக்கிறது. நாங்கள் விளையாடிய பெட்டிகள் நகல்கள். பெட்டியின் மேல் சாமுராய் என்றோ, மீடியா என்றோ, லிட்டில் மாஸ்டர் என்றோ, டெர்மினேட்டர் என்றோ எழுதியிருக்கும். உள்ளே இருந்தது ஃபாமிகாமின் அச்சு. ஆனால் அசல் என்று எதைச் சொல்கிறோம்? மாக்னவாக்ஸ் ஒடிஸியின் கண்காட்சிக்கு 1972 மே மாதம் போய்ப் பார்த்துவிட்டு வந்த நோலன் புஷ்னெல்லின் அட்டாரி, அந்த ஆண்டு முடிவதற்குள் 'பாங்' விளையாட்டை வெளியிட்டது. மாக்னவாக்ஸ் வழக்குப் போட்டது. 1976-இல் அட்டாரி சமரசம் செய்துகொண்டது. 1889-இல் கியோட்டோவில் சீட்டுக்கட்டு செய்யத் தொடங்கிய நிண்டெண்டோவுக்குப் பேர் வாங்கித் தந்த 'டாங்கி காங்' 1981-இல் வந்தபோது, அது தங்கள் 'கிங் காங்' படத்தின் திருட்டு என்று யுனிவர்சல் நிறுவனம் நீதிமன்றம் போனது. அதே யுனிவர்சல் சில ஆண்டுகளுக்கு முன் வேறொரு வழக்கில், கிங் காங் கதை பொதுச்சொத்து என்று வாதாடி ஜெயித்திருந்தது. வழக்கு தோற்றது. சிரிப்புத்தான் வருகிறது.

எந்திரத்தின் இதயமே இரவல். 1975-இல் அமெரிக்காவில் சக் பெடில் குழுவினர் 6502 என்ற சில்லை 25 டாலருக்கு விற்றார்கள். மற்றவை நூற்றுக்கணக்கில் விலை சொன்ன காலம் அது. ஆப்பிளின் ஆரம்பக் கணினிகள் அதில்தான் ஓடின. ஃபாமிகாமை வடிவமைத்த மசாயுகி உயெமுரா குழுவினருக்காக ரிக்கோ நிறுவனம் செய்துகொடுத்த சில்லு, அந்த 6502-இன் மறுபதிப்பு. ஒரு வேறுபாடு: 6502-இல் இருந்த தசமக் கணக்கு வசதி இதில் வேலை செய்யாது. காப்புரிமைத் தொல்லையைத் தவிர்க்கத்தான் அதை முடக்கினார்கள் என்று பொதுவாகச் சொல்லப்படுகிறது. ஆக, கியோட்டோவின் அசலே ஒரு விரல் வெட்டப்பட்ட நகல்தான். பிறகு தைவானில் யு.எம்.சி. நிறுவனம் ரிக்கோவின் சில்லுகளைப் பார்த்துத் தன் சில்லுகளைச் செய்தது. இதைக் குடிசைத் தொழில் என்று நினைத்துவிட வேண்டாம். அரசு ஆராய்ச்சி நிலையத்திலிருந்து 1980-இல் பிரிந்து உருவான நிறுவனம் அது. இன்று உலகின் பெரிய சில்லுத் தயாரிப்பாளர்களில் ஒன்று. அந்தத் தைவான் சில்லுகள் சீனா, ரஷ்யா, கிழக்கு ஐரோப்பா, தென்னமெரிக்கா, இந்தியா என்று பரவின. நிண்டெண்டோ உலகம் முழுதும் விற்ற ஃபாமிகாம் வகை எந்திரங்கள் 6 கோடியே 19 லட்சம். எங்கள் தெருப் பெட்டி எதுவும் அந்தக் கணக்கில் சேராது.

நகல் என்றால் அப்படியே இருக்கும் என்பதும் பிரமை. இதை எழுதத் தூண்டிய சங்கதியே அதுதான். ஜப்பானின் தொலைக்காட்சி வினாடிக்கு 60 முறை துடிக்கிறது, நம்முடையது 50. விளையாட்டின் ஓட்டமும் இசையின் தாளமும் அந்தத் துடிப்போடு பிணைக்கப்பட்டவை. ஆகவே நம் ஊர்த் திரையில் மரியோ ஆறில் ஐந்து பங்கு வேகத்தில்தான் ஓடினான். குதித்தால் கொஞ்சம் கூடுதலாக அந்தரத்தில் நின்றான். ஐரோப்பாவில் நிண்டெண்டோ விற்ற எந்திரங்களில் சுருதியும் இறங்கியது. ஆனால் 50 துடிப்புக்கென்று தைவானில் செய்த சில்லுகளில் கடிகாரத்தை ஜப்பானிய வேகத்துக்கு ஏறக்குறைய நெருக்கமாகவே வைத்ததால், சுருதி இறங்காமல் தாளம் மட்டும் விளம்பமானது. இன்னொன்று: அந்த நகல் சில்லுகள் பலவற்றில் இரண்டு ஒலி வடிவங்கள் இடம் மாறிவிட்டன. 25 விழுக்காடு ஒலிக்க வேண்டிய அலை 50 ஆகவும், 50 ஒலிக்க வேண்டியது 25 ஆகவும். மூக்கால் பாட வேண்டிய குரல் உருண்டும், உருண்ட குரல் மூக்காலும் பாடும். கோஜி கோண்டோ எழுதிய இசையை நான் பின்னாளில் அதன் சரியான வடிவில் கேட்டபோது யாரோ அவசரமாக, வேறு வாத்தியத்தில் வாசிப்பதுபோல் இருந்தது. என் காதில் இருக்கும் மரியோ, ஒரு தைவான் தொழிற்சாலையின் பிசகும் இந்தியத் தொலைக்காட்சியின் மின்துடிப்பும் சேர்ந்து இயற்றிய பாடம். பாடபேதம் என்கிறோமே, அது.

எங்கள் தெருவுக்கு வந்த முதல் பெட்டி, ஒரு லாரிக்காரர் பம்பாய் லோடு முடித்துத் திரும்பும்போது மகனுக்கு வாங்கி வந்தது. சிலர் சென்னை பர்மா பஜாரில் வாங்கினார்கள். பர்மாவிலிருந்து திரும்பியவர்கள் பிழைக்க 1969-இல் ஏற்பட்ட அந்தக் கடைத்தெரு, வெளிநாட்டு மின்பொருள்களுக்கு நாடெங்கும் பெயர் பெற்றிருந்தது. நாடு 1991-இல் திறந்துவிடப்பட்டதாகச் சொல்கிறோம்; ஆனால் நுகர்பொருள் இறக்குமதியில் அந்தத் திறப்பு மிகத் தாமதமாக வந்தது. கடைசி 715 பொருள்களின் மேலிருந்த அளவுக் கட்டுப்பாடு நீங்கியது 2001 ஏப்ரல் 1-ஆம் தேதி. இடைப்பட்ட காலத்தில் அசலை வாங்குவது எப்படி இருந்தது என்பதற்கு ஓர் உதாரணம் போதும். மது வியாபாரத்தால் அறியப்பட்ட ஷா வாலஸ் நிறுவனம் 1995-இல் சேகாவின் எந்திரத்தை இங்கே விற்க ஒப்பந்தம் செய்தது. இறக்குமதி வரி 80 விழுக்காடு. எந்திரத்தின் விலை 18,000 ரூபாய். ராசிபுரத்தில் அந்தப் பணத்துக்குச் செகண்ட் ஹேண்டில் ஒரு மொபெட்டும் கலர் டி.வி.யும் வாங்கி, மிச்சத்தைச் சீட்டுக் கட்டலாம். நகலைத் தவிர வேறு வழி இல்லை என்பதல்ல. நகலைத் தவிர வேறு ஒன்று இருப்பதாகவே எங்களுக்குத் தெரியாது.

எல்லோராலும் நகலையும் வாங்க முடியவில்லை. வீட்டு முன்னறையில் ஒரு டி.வி., ஒரு பெட்டி, இரண்டு பலகை போட்டு மணிக்கணக்குக்கு விடுகிற கடைகள் வந்தன. அரைமணிக்கு ஒரு காசு, ஒரு மணிக்கு ஒரு காசு. விசைத்தறியில் நாடாவுக்கு நூல் சுற்றிக் கொடுக்கும் பையன்கள் சனிக்கிழமைக் கூலியோடு வருவார்கள். விடுதிப் பள்ளிகளில் பத்தாவதுக்கும் பன்னிரண்டாவதுக்கும் அடைத்துப் போடப்பட்ட பிள்ளைகள், வெளியே விடும் ஞாயிற்றுக்கிழமைக்காகக் காத்திருந்து வருவார்கள். பெண்பிள்ளைகள் வந்ததில்லை, வாசலில் நின்று தம்பியைக் கூப்பிட்டுப் போவார்கள், கூப்பிடும் சாக்கில் கொஞ்சம் பார்ப்பார்கள். ஜாய்ஸ்டிக் என்று நாங்கள் சொன்ன, ஸ்டிக் எதுவும் இல்லாத அந்தக் கைப்பிடியின் வயரில் இன்சுலேஷன் டேப் சுற்றியிருக்கும். கேசட் பிடிக்கவில்லை என்றால் எடுத்து ஊதிவிட்டுச் செருக வேண்டும். இந்த ஊதும் சடங்கு உலகம் முழுதும் இருந்திருக்கிறது என்று பிற்பாடு தெரிந்தது. எச்சில் ஈரத்தில் செம்புத் தகடு கறுக்குமே தவிர வேறு பலன் இல்லை. மறுபடி செருகியதால்தான் பிடித்தது.

நேரம் முடிந்தால் கடைக்காரர் சுவிட்சை அணைத்துவிடுவார். அதனால் எங்களில் பெரும்பாலானவர்கள் எந்த விளையாட்டின் முடிவையும் பார்த்ததில்லை. ஆரம்பம் மட்டுமே திரும்பத் திரும்ப. முதல் மூன்று நிமிடங்களை நூற்றுக்கணக்கான முறை ஆடி, அதில் ஒவ்வொரு புள்ளியையும் கை தன்னிச்சையாக அறிந்திருக்கும். ஐந்தாவது கட்டத்துக்கு அப்பால் இருப்பது வதந்தி. யாரோ ஒருவன், யாரோ ஒருவனின் அண்ணன், கடைசி வரை போனதாகச் சொல்வான். அங்கே என்ன இருக்கிறது என்பதற்கு ஆளுக்கொரு கதை. கையேடு எதுவும் எங்களுக்கு வந்ததில்லை, பத்திரிகை எதுவும் இல்லை, எல்லாம் வாய்மொழி. கான்ட்ராவில் முப்பது உயிர் பெற மேல் மேல் கீழ் கீழ் என்று அழுத்தும் அந்த வரிசையை, சோதித்துப் பார்க்க விளையாட்டு தனக்கே மிகக் கடினமாக இருக்கிறது என்பதால் கோனாமி நிறுவனத்தின் கசுஹிசா ஹாஷிமோட்டோ 1986-இல் 'கிராடியஸ்' விளையாட்டுக்குள் வைத்தார். அது எங்கள் தெருவுக்கு எழுத்து வடிவம் எதுவும் இல்லாமல் வந்து சேர்ந்து, மந்திரம்போல ஒரு எழுத்தும் பிசகாமல் கைமாறியது. அவர் 2020-இல் இறந்த செய்தி படித்தபோதுதான் அந்த மந்திரத்துக்கு ரிஷி ஒருவர் உண்டு என்றே எனக்குத் தெரிந்தது.

ஆசிரியன் பெயர் இல்லாமல் போவது இந்தத் துறைக்குப் புதிதல்ல. அட்டாரியில் விளையாட்டை எழுதியவன் பெயரை எங்கும் போடமாட்டார்கள். வாரன் ராபினெட் என்பவர் தான் எழுதிய 'அட்வெஞ்சர்' விளையாட்டில் யாரும் போகாத ஓர் அறையைச் செய்து அதில் தன் பெயரை ஒளித்துவைத்தார். விற்பனைக்கு வந்த பிறகே முதலாளிகளுக்கு அது தெரிந்தது. ஜப்பானிய விளையாட்டுகளில் எழுதியவர்கள் புனைபெயர்களில் முடிவுப் பட்டியலில் தலைகாட்டுவார்கள். அந்த முடிவுப் பட்டியலைத்தான் நாங்கள் பார்த்ததில்லையே. மிஞ்சியிருந்தது முகப்பில் வரும் ஆண்டும் நிறுவனப் பெயரும். நகல் கேசட் செய்தவர்கள் அநேகமாக அந்த ஒரு வரியைத் துடைத்துவிட்டார்கள். மரியோவின் முகப்பில் அந்த இடம் வெறும் கறை இல்லாத நீலமாக, ஒன்றுமே இல்லாததாக இருக்கும். 'பேட்டில் சிட்டி' என்று 1985-இல் நாம்கோ வெளியிட்ட பீரங்கி விளையாட்டு, சில மாற்றங்களுடன் 'டேங்க் 1990' ஆனது.

நம் நாட்டுப்பாடலுக்கும் ஆசிரியன் பெயர் இல்லை என்று ஒப்பிட்டு இதை மகிமைப்படுத்த எனக்குச் சம்மதமில்லை. நாட்டுப்பாடலில் பெயர் போவது, பாடுகிற ஒவ்வொருவனும் அதை மாற்றுகிறான் என்பதால். இங்கே யாரும் எதையும் மாற்றவில்லை. பெயர் மட்டும் சுரண்டப்பட்டது. கேசட்டின் மேல் 9999999 விளையாட்டு என்று போட்டிருக்கும். பட்டியலில் இறங்கிக்கொண்டே போனால் ஏழெட்டு விளையாட்டுகள்தான், வேறு பெயரில், வேறு கட்டத்திலிருந்து தொடங்கி, மறுபடி மறுபடி. எண்ணிக்கை மீது நமக்கிருக்கும் பக்தியை யாரோ தைவான் வியாபாரி நன்றாகவே புரிந்துகொண்டிருந்தான்.

இனி, அந்தக் கேசட்டுக்குள் இருந்த கலையைப் பற்றி. இதைச் சொல்லாமல் வெறும் வியாபாரச் சரித்திரமாக விட்டுவிட்டால் அநியாயம். 1985-இல் வந்த 'சூப்பர் மரியோ பிரதர்ஸ்' மொத்தம் 40 கிலோபைட்டுக்குள் எழுதப்பட்டது. நீங்கள் படித்துக்கொண்டிருக்கும் இந்தக் கட்டுரையைக் கணினியில் சேமித்தால் அதைவிட அதிக இடம் பிடிக்கும். அதில் படங்களுக்கென்று இருந்தது 8 கிலோபைட். எட்டுக்கு எட்டுப் புள்ளிகள் கொண்ட 512 சதுரங்கள். ஒவ்வொரு சதுரத்திலும் மூன்று நிறமும் பின்னணியும், அதற்கு மேல் கிடையாது. இந்த 512 சதுரங்களை அடுக்கித்தான் ஆகாயம், பூமி, கோட்டை, காளான், ஆமை எல்லாம். வானத்து மேகமும் தரையின் புதரும் ஒரே உருவம். வெள்ளை அடித்தால் மேகம், பச்சை அடித்தால் புதர். எங்கள் கடையில் கறுப்பு வெள்ளை டி.வி. அந்தச் சிக்கனம் அங்கே நிர்வாணமாகத் தெரிந்தது: மேகம் தரையில் உட்கார்ந்திருந்தது. ஒரு கிடைக்கோட்டில் எட்டு உருவங்களுக்கு மேல் எந்திரத்தால் காட்ட முடியாது. ஒன்பதாவது மறைந்துபோகும். ஆகவே நிரல் எழுதியவர்கள் முறைவைத்து ஆளுக்கொரு கணம் மறைய விட்டார்கள். நெரிசலில் எல்லோரும் மினுக்கினார்கள். சொல் எண்ணி எழுதுகிற கவிஞர்கள் என் நண்பர்களில் உண்டு. அவர்களுக்கு இதில் விளக்கம் தேவைப்படாது.

ஷிகெரு மியாமோட்டோவும் தகாஷி தெசுகாவும் இந்த உலகத்தைக் கட்டம் போட்ட தாளில் பென்சிலால் வரைந்தார்கள். நீளநீளமான கிராப் தாள்கள். சதுரத்துக்குச் சதுரம் நிறம் தீட்டியவை. அந்தத் தாள்களின் படத்தைப் பார்த்தபோது எனக்குக் கியோட்டோ ஞாபகம் வரவில்லை, இளம்பிள்ளை ஞாபகம் வந்தது. சேலத்திலிருந்து மேற்கே, சேலைக்குப் பெயர்போன ஊர். என் அத்தை வீடு அங்கே. மாமா ஜக்கார்டு டிசைன் போடுகிறவர். பார்டருக்கும் முந்தானைக்கும் மாங்காய், மயில், கோபுரம், கொடி எதுவானாலும் முதலில் கிராப் தாளில் சதுரம் சதுரமாக அடைப்பார். ஒரு சதுரம் என்பது பாவில் ஓர் இழை, ஊடையில் ஓர் ஓட்டம். வளைவு என்பது கிடையாது. படிக்கட்டுகளை வைத்து வளைவு என்று கண்ணை ஏமாற்ற வேண்டும். எந்தச் சதுரத்தை விட்டால் மயிலின் கழுத்து திரும்பும் என்பது அவர் தொழிலின் ரகசியம். அந்தத் தாளைப் பார்த்து இன்னொருவர் அட்டையில் துளை குத்துவார். துளை இருந்தால் ஊசி போகும், இழை எழும்பும், இல்லாவிட்டால் இல்லை. 1804 வாக்கில் பிரான்சின் லியோன் நகரில் ஜக்கார்டு செய்த இந்த ஏற்பாட்டிலிருந்துதான் பாபேஜ் கணக்கு எந்திரத்துக்கு அட்டை வைக்கும் யோசனையை எடுத்தார் என்பது கணினிச் சரித்திரத்தின் முதல் பாடம்.

ஒரு விடுமுறையில் டி.வி. கேமை அத்தை வீட்டுக்குக் கொண்டுபோயிருந்தோம். மாமா தறிச் சத்தத்திலிருந்து எழுந்து வந்து, துண்டால் முகத்தைத் துடைத்தபடி திரை அருகே குனிந்து பார்த்தார்.

"இதென்ன கண்ணு, நம்ம புட்டா மாதிரியே கட்டங்கட்டமா இருக்குது. இந்தக் காளானைக் கட்டம் குறைச்சே போட்டிருக்கறான். கெட்டிக்காரன்தான்."

பிறகு கேட்டார்: "இதுல நம்ம டிசைனைப் போட எங்க போடறது?"

போட வழி இல்லை மாமா, இது ஆடுவதற்கு மட்டும்தான் என்று சொன்னோம். "அட்டை மட்டும் அவன்கிட்டயே இருக்குதாக்கும்" என்று சொல்லிவிட்டுத் தறிக்குப் போய்விட்டார். இந்தத் துறையைப் பற்றி நான் பின்னால் படித்த விமர்சனங்கள் எதுவும் இந்த இடத்தை இவ்வளவு நேராகத் தொடவில்லை.

அட்டை ஏன் அவனிடமே இருந்தது? வீட்டு வீடியோ கேம் எந்திரத்தின் வடிவமே அப்படி. கேசட்டில் இருப்பது படிக்க மட்டுமே ஆகும் நினைவகம்; தொழிற்சாலையில் ஒருமுறை பதித்தால் முடிந்தது. ஆனால் இது விதி என்று சொல்லிவிட முடியாது. ஜப்பானில் 1984-லேயே ஃபாமிகாமுக்கு விசைப்பலகையும் பேசிக் மொழியும் விற்றார்கள். சிறுவன் தானே நிரல் எழுதலாம். சீனத்தில் சுபோர் என்ற நிறுவனம் 1990-களின் முற்பகுதியில் தன் நகல் எந்திரத்தை விசைப்பலகையோடு சேர்த்து, கல்விச் சாதனம் என்று சொல்லி, ஜாக்கி சானை விளம்பரத்துக்குப் போட்டு விற்றது. பெற்றோரை ஏமாற்றும் தந்திரம் என்று சொல்லலாம். இருந்தாலும் பல வீடுகளில் எழுத்து அச்சடிக்கக் கற்றுக்கொண்டது அதில்தான். ரஷ்யாவில் ஸ்டீப்லர் நிறுவனம் 1992-இல் டெண்டி என்ற பெயரில் தைவான் நகலுக்கு ஒரு யானைக்குட்டிச் சின்னம், பத்திரிகை, தொலைக்காட்சி நிகழ்ச்சி எல்லாம் ஏற்படுத்தியது. அதாவது அங்கே நகலுக்கு ஒரு பெயர் கிடைத்தது, அதைச் சுற்றி ஒரு பேச்சு உருவானது. இங்கே பெயர்ப் பலகைகள் மாறிக்கொண்டே இருந்தன, பேச்சு உருவாகவில்லை.

அதைவிடக் கசப்பான ஒன்று உண்டு. இந்தியப் பள்ளிகளில் கணினி அறிமுகம் செய்ய 1984-85-இல் 'கிளாஸ்' என்ற மத்திய அரசுத் திட்டம் சுமார் 250 பள்ளிகளில் தொடங்கியது. கொடுத்த கணினி இங்கிலாந்தின் பி.பி.சி. மைக்ரோ. அதன் இதயம் எது? அதே 6502. இங்கிலாந்தில் அந்தக் கணினியில் பள்ளிப் பையன்கள் விளையாட்டுகள் எழுதி ஒரு தொழிலையே உண்டாக்கினார்கள். மேகத்தையும் புதரையும் ஒரே உருவத்திலிருந்து செய்யத் தெரிந்த அதே சில்லு நம் பள்ளிகளுக்கும் அரசாங்கச் செலவில் வந்தது. திட்டம் சோர்ந்தது, பல இடங்களில் அது செருப்பைக் கழற்றிவிட்டு, தூரத்தில் நின்று பார்க்க வேண்டிய பொருளாக இருந்தது. சில்லைத் தயாரிக்கும் முயற்சியும் நடக்காமல் இல்லை. பஞ்சாபில் மொகாலியில் அரசின் செமிகண்டக்டர் காம்ப்ளெக்ஸ் 1984-இல் உற்பத்தியைத் தொடங்கியது, யு.எம்.சி. பிறந்து நான்கே ஆண்டுகள் கழித்து. 1989 பிப்ரவரி 7-ஆம் தேதி அந்தத் தொழிற்சாலை தீயில் நாசமானது. மீண்டெழும்போது உலகம் வெகுதூரம் போயிருந்தது. தீ இல்லாதிருந்தால் என்று கற்பனை செய்வதில் பிரயோஜனமில்லை. ஆனால் எழுதும் பலகை பூட்டிய அறையிலும், வாசிக்கும் பலகை கடைத்தெருவிலுமாக இருந்த இந்த ஏற்பாட்டை விபத்து என்று மட்டும் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. மாமாவின் கேள்விக்குப் பதில் இருந்த எந்திரம் மாமா போகமுடியாத அறையில் இருந்தது.

இதன் மறுபக்கம் சீனத்தில். சுபோரை நடத்திய துவான் யுங்பிங் 1995-இல் அதைவிட்டு விலகி பி.பி.கே. என்ற நிறுவனத்தைத் தொடங்கினார். அதன் கிளைகளாகத் தோன்றியவைதான் ஓப்போவும் விவோவும். சேலம் புதிய பஸ் நிலையத்தைச் சுற்றியும், நாமக்கல் கோட்டைக்குக் கீழே கடைவீதியிலும், பச்சையும் நீலமுமாகத் தொங்கும் பலகைகளைப் பார்க்கும்போதெல்லாம், அந்த வம்சத்தின் மூலவர் ஒரு நகல் டி.வி. கேம்தான் என்று எனக்குத் தோன்றும். அவர்கள் நகல் எடுத்ததை நான் குறை சொல்லவில்லை. சொல்லப்போனால் நகலை இவ்வளவு தீவிரமாக எடுத்திருக்கிறார்களே என்று பொறாமைதான்.

மற்றதை வேகமாகச் சொல்லிவிடலாம். 2000-த்துக்குப் பிறகு பிரவுசிங் சென்டர்கள் வந்தன; பலகை போட்ட முன்னறைக் கடைகள் கணினி வைத்தன, அல்லது மூடின. ஜப்பானில் நிண்டெண்டோ ஃபாமிகாம் உற்பத்தியை 2003-இல் நிறுத்தியது, பழுதுபார்ப்பதை 2007-இல். எங்கள் பெட்டிகளுக்குப் பழுதுபார்ப்பு என்று ஒன்று அதற்கு முன்பே முடிந்துவிட்டது. பிற்காலத்து நகல்களில் மொத்த எந்திரமும் ஒரே சில்லாகச் சுருங்கி, அதன்மேல் கறுப்புப் பிசின் சொட்டு ஒன்றைக் காயவைத்திருப்பார்கள். திறந்து பார்த்தால் பலகையில் ஒரு கறுப்பு மச்சம் மட்டும். எண் இல்லை, பெயர் இல்லை, சால்டரிங் அயர்னுக்குப் பிடி இல்லை. எங்கள் ரேடியோ கடைக்காரர் ஒரே பார்வையில் மூடித் திருப்பிக் கொடுத்துவிடுவார். பெட்டிகள் எடைக்குப் போயின.

இளம்பிள்ளையில் இப்போது எலக்ட்ரானிக் ஜக்கார்டு வந்துவிட்டது. அட்டை கிடையாது. கணினித் திரையில் சதுரம் சதுரமாக அடைத்து, பென் டிரைவில் ஏற்றித் தறியில் செருகுகிறார்கள். ஒரு புள்ளிக்கு ஓர் இழை என்ற கணக்கு மாறவில்லை. மாமாவின் பையன் அந்த வேலை செய்கிறான். சின்ன வயதில் என்னோடு சேர்ந்து கடையில் கிடந்தவன்தான். அவன் கை மௌஸில் போகிற வேகத்தைப் பார்த்திருக்கிறேன். கழுத்தைத் திருப்ப எந்தச் சதுரத்தை விட வேண்டும் என்பது அவனுக்கும் தெரிகிறது. அது அப்பாவிடமிருந்து வந்ததா, ஐந்தாவது கட்டம் தாண்டாத அந்த மரியோவிடமிருந்து வந்ததா என்று கேட்டால் சிரிக்கிறான்.

சேலத்தில் ஆடிப் பண்டிகையை ஒட்டி நடக்கும் பொருட்காட்சியில், பொம்மைக் கடைகளில் உள்ளங்கையளவு ஒரு கருவி தொங்குகிறது. 400 விளையாட்டு என்று போட்டிருக்கிறது. உள்ளே அதே கறுப்பு மச்சம், அதே 1985. தனித்திரை இருப்பதால் டி.வி.யின் 50 துடிப்பு இதற்குத் தேவையில்லை. போன வருஷம் ஒன்றை எடுத்து ஆன் செய்து பார்த்தேன். முகப்பில் அந்த வரி இன்னும் துடைத்தபடியே இருக்கிறது. இசை, ஜப்பானில் ஒலித்த வேகத்தில், சரியாக ஒலித்தது. பக்கத்தில் நின்ற பையன் கையை நீட்டி, "தாங்க அங்கிள், நான் முதல் கட்டத்தை முடிச்சுத் தர்றேன்" என்றான். அவன் குதித்த இடங்களெல்லாம் சரி. எனக்குத்தான் எல்லாம் ஒரு மாத்திரை முந்தி நடப்பதுபோல் இருந்தது.